மெய்பாஸ் ஃபோல்டரில் போன ஒரு நாள் கணக்கு

"தம்பி, நேத்து மொத்தம் எவ்வளவுன்னு கேட்டா பூஜ்யம்னு காட்டுதுங்க."

2022 மார்ச்சில் ஒரு காலை, எட்டரை மணி இருக்கும். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு நான் எழுதிக்கொடுத்த புரோகிராமைப் பற்றி அந்த மண்டியின் கணக்குப்பிள்ளை போனில் சொன்னது இது. நான் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பூஜ்யம் என்றதும் எனக்கு உடனே பயம் வரவில்லை, தேதியை ஏதோ தப்பாகப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் எரர் எதுவும் வரவில்லையே. அதற்கு முந்தின வாரம் முழுக்க எரராக வந்து, எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன் என்ற திருப்தியில் இருந்த நேரம் அது.

புரோகிராம் ரொம்பச் சின்னது. பைதான் மொழியில், ஜன்னலும் பட்டனும் வரைந்துதரும் டிகிண்டர் வைத்து, நானூறு வரிக்குள் எழுதிய எடைச் சீட்டு புரோகிராம். விவசாயி பெயர், ஊர், விரலியா கிழங்கா, எத்தனை மூட்டை, எடை என்ன, இவ்வளவுதான். சாக்குக் கழிவும் இறக்குக்கூலியும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அதைத் தனியாக ஒரு ஜேசன் ஃபைலில், அதாவது நோட்பேடிலேயே திருத்தக்கூடிய எழுத்து ஃபைலில், வைத்திருந்தேன். மேலே காட்ட மண்டியின் லோகோ ஒரு படம். போட்ட சீட்டெல்லாம் போய்ச் சேர, ஒரே ஃபைலில் அடங்கும் ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். ஆக ஸ்கிரிப்ட்டோடு சேர்த்து நான்கு ஃபைல், நான்கும் என் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில். ஸ்கிரிப்ட்டில் அவற்றை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன், முழுப் பாதை கொடுக்கவில்லை. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் விதை அதுதான்.

மண்டி கம்ப்யூட்டரில் பைதான் கிடையாது, போடவும் எனக்கு விருப்பமில்லை. அதனால், பைதான் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஓடும்படி கட்டித்தரும் பைஇன்ஸ்டாலர் வைத்து ஒரே எக்ஸியாக, அதாவது டபுள் கிளிக் செய்தால் ஓடும் ஒரே ஃபைலாக, கட்டினேன். கட்டி முடித்ததும் கட்டளை அடிக்கும் டெர்மினலில் இருந்தபடியே, பைஇன்ஸ்டாலர் கட்டிவைக்கும் டிஸ்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸியை ஓட்டிப் பார்த்தேன். அழகாகத் திறந்தது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய் அவர் டெஸ்க்டாப்பில் வைத்து டபுள் கிளிக் செய்தால், ஒரு சின்னப் பெட்டி: 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி', பக்கத்தில் அந்த ஜேசன் ஃபைலின் பெயர். கணக்குப்பிள்ளை, முதலாளி, மூட்டை இறக்க வந்த இரண்டு பேர் என்று நாலு பேர் பின்னால் நிற்கும்போது.

என் லேப்டாப்பில் மட்டும் ஏன் ஓடியது என்பது புரிய எனக்கு அரை நாள் பிடித்தது. புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது வேறு, நாம் எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு அதைக் கூப்பிடுகிறோம் என்பது வேறு. வெறும் பெயரைச் சொல்லி ஃபைலைத் திறந்தால் பைதான் தேடுவது இரண்டாவது இடத்தில்தான். நான் டெர்மினலில் புராஜெக்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு கூப்பிட்டேன், ஜேசன் அங்கேயே இருந்தது, எடுத்துக்கொண்டது. எக்ஸிக்குள் அந்த ஃபைல் போகவே இல்லை. பைஇன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட்டில் உள்ள இம்போர்ட்களை, அதாவது வேறு மாட்யூல்களை (துணை நிரல்களை) அழைக்கும் வரிகளை, பின்தொடர்ந்து போய் அவற்றைச் சேகரிக்கும். நாம் ஓபன் என்று எழுதி அடைப்புக்குள் ஒரு பெயரைக் கொடுத்தால், அது ஒரு ஃபைல், அதையும் எடுத்துவைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

சரி, மூன்று ஃபைலையும் எக்ஸி பக்கத்திலேயே வைத்துவிட்டேன். ஓடியது. ஒரு வாரம் கையால் எழுதும் சீட்டோடு சேர்த்து ஒத்திகையாக ஓட்டிப் பார்த்தோம். இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

முதலாளி ஒரு ஆசை சொன்னார், கம்ப்யூட்டரைப் போட்டதும் இது தானாகவே திறந்தால் நல்லது என்று. புரோகிராம்களைத் தானாகத் தொடங்கிவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் ஆனவுடன் ஓடும்படி வைத்தேன். அதில் 'ஸ்டார்ட் இன்' என்று ஒரு கட்டம் உண்டு, பக்கத்திலேயே ஆப்ஷனல் என்று போட்டிருப்பார்கள், அதனால் காலியாக விட்டேன். காலியாக விட்டால் புரோகிராம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு தொடங்குகிறது. மறுபடி அதே பெட்டி, அதே ஃபைல் பெயர். அந்த ஒரு கட்டத்தில் ஃபோல்டர் பாதையை எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கோ ரோஷம். இந்த எரர் இனிமேல் வரவே கூடாது, எல்லாவற்றையும் எக்ஸிக்குள்ளேயே போட்டு மூடிவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

அதற்கான வழி பைஇன்ஸ்டாலரில் ஆட்-டேட்டா என்ற ஆப்ஷன். எந்த ஃபைல், உள்ளே எங்கே போகவேண்டும் என்று இரண்டையும் சொல்லி நடுவில் ஒரு அரைப்புள்ளி. அப்போது விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்கால் புள்ளி, இதை மாற்றிப் போட்டு ஒரு மணி நேரம் போனது தனி. அதைவிட மோசமானது இரண்டாவது பகுதி. அது போய்ச் சேரும் ஃபோல்டரின் பெயர், ஃபைலின் பெயர் அல்ல. நான் இரண்டு பக்கமும் ஜேசன் ஃபைலின் பெயரையே கொடுத்துவிட்டேன். விளைவு, உள்ளே அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் ஃபைல். இப்போது 'நோ சச் ஃபைல்' வரவில்லை, 'பெர்மிஷன் டினைடு' வந்தது, எரர் எண் 13. விண்டோஸில் ஃபோல்டரை ஃபைல் மாதிரி திறக்கப்போனால் அப்படித்தான் சொல்லும். நான் என்னவோ அட்மின் உரிமை பிரச்சினை என்று நினைத்து ரைட் கிளிக் செய்து அட்மினாக ஓட்டி, ஆன்டிவைரஸை நிறுத்தி, வேண்டாத இடமெல்லாம் தோண்டினேன். கடைசியில் இரண்டாவது பகுதியில் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன், அதாவது உள்ளே நேராக வை என்று. சரியானது.

உள்ளே போன ஃபைலை எப்படி எடுப்பது? ஒற்றை எக்ஸி என்பது உண்மையில் ஒரு கட்டுச்சோற்று மூட்டை. டபுள் கிளிக் செய்ததும் அது விண்டோஸின் டெம்ப் ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதில் தன்னை முழுக்க அவிழ்த்து வைத்துக்கொண்டு ஓடும். அந்த இடத்தின் பாதை பைதானின் சிஸ் மாட்யூலில் மெய்பாஸ் என்ற பெயரில், முன்னால் ஒரு அடிக்கோட்டோடு இருக்கும். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி நானாக மெய்பாஸ் என்று படித்துப் பழகிவிட்டேன், மற்றவர்கள் எப்படிப் படிக்கிறார்களோ. தமிழில் அது பொருத்தமான பெயராகவும் அமைந்துவிட்டது, மெய் என்றால் உடம்பு, புரோகிராமை மூடியதும் அந்த ஃபோல்டர் இருந்த சுவடு தெரியாமல் அழிந்துபோகும். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்கும் படித்தேன். படித்தேன், தலையில் ஏறவில்லை.

ஜேசன், லோகோ, டேட்டாபேஸ் மூன்றையும் ஆட்-டேட்டாவில் கொடுத்தேன், ஸ்கிரிப்ட்டில் மூன்றுக்கும் மெய்பாஸ் பாதையை ஒட்டினேன். எந்த ஃபோல்டரில் வைத்தாலும் ஓடியது, டாஸ்க் ஷெட்யூலரில் ஓடியது, டெஸ்க்டாப்பில் ஓடியது, பென்டிரைவில் இருந்தே ஓடியது. ஒத்திகைச் சீட்டையெல்லாம் அழித்து, ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கட்டும் என்று காலி டேட்டாபேஸோடு கட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பரோட்டா சாப்பிட்டது கூட நினைவிருக்கிறது.

முதல் நாள் 61 சீட்டு. ராத்திரி கணக்குப்பிள்ளை ஒழுங்காகப் புரோகிராமை மூடி, கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டுப் போனார். மறுநாள் திறந்தபோது சீட்டு எண் மறுபடி 1. அவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை, நான் வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பதாக நினைத்தார். அன்று மதியம் எனக்குப் போன் போட்டு, "தெனமும் ஒண்ணுல இருந்து வர்ற மாதிரி வெச்சது நல்லா இருக்குதுங்க தம்பி" என்று பாராட்டவும் செய்தார். நானும் ஏதோ அவசரத்தில் "சரிங்ணா, சரிங்ணா" என்றுவிட்டேன். என்ன சொன்னார் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

மூன்றாம் நாள் காலைதான் அந்த பூஜ்யம். பல் விளக்குவதைப் பாதியில் விட்டு யோசித்தபோது முதலில் முதுகு சில்லிட்டது, அப்புறம் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. தினமும் காலையில் எக்ஸிக்குள் இருக்கும் காலி டேட்டாபேஸ் அவிழ்கிறது, நாள் முழுக்க அதில் எழுதுகிறோம், மூடியதும் ஃபோல்டரோடு போகிறது.

"அண்ணா, இன்னைக்கு ஏதாச்சும் சீட்டு போட்டீங்களா?"

"நாலு போட்டிருக்குதுங்க. சிவகிரியில இருந்து ஒரு லோடு."

"புரோகிராமை மூடிராதீங்க. அப்படியே விடுங்க, நான் வர்றேன்."

பைக்கில் போகும்போது டெம்ப் ஃபோல்டரைப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றியது, பெரிய நம்பிக்கை இல்லை. ரன் பெட்டியில் டெம்ப் என்று சதவீதக் குறிகளுக்கு நடுவே அடித்துத் திறந்தால், மெய் என்ற எழுத்துகளோடு இரண்டு ஃபோல்டர் இருந்தன. ஒன்று இப்போது ஓடிக்கொண்டிருப்பது. இன்னொன்று? முந்தின நாள் தேதி போட்டிருந்தது. கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். நேற்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டதாம், யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்கு ஆகிறதாம், கம்ப்யூட்டர் பொட்டென்று நின்றது, அவரும் பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒழுங்காக மூடியிருந்தால் புரோகிராம் தன் ஃபோல்டரைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும். திடீரென்று உயிர் போனதால் துடைக்க ஆளில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியே கமிட் செய்து, அதாவது உடனுக்குடன் ஃபைலில் பதிந்து, வைத்திருந்ததால் 83 சீட்டும் டேட்டாபேஸில் அப்படியே இருந்தன. மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அந்த ஊரில் அன்று நானாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் கணக்கு போனது போனதுதான். அந்த மண்டியில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுப்பார்கள். அந்த 61 கார்பன் பிரதியையும் எடுத்துவைத்து நானே உட்கார்ந்து மறுபடி அடித்தேன். மங்கிய எழுத்தில் 3 எது 8 எது என்று தெரியாத இடத்தில் கணக்குப்பிள்ளை மூட்டை எண்ணிக்கையை வைத்து எடையைச் சொன்னார், சரியாகவும் இருந்தது. முதலாளி ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று ராத்திரி செய்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை, பத்துப் பதினைந்து வரி. இரண்டு ஃபங்ஷன். ஒன்று, கூடவே வருகிற ஃபைலுக்கு: புரோகிராம் எக்ஸியாக ஓடுகிறதா என்று சிஸ் மாட்யூலில் ஃப்ரோசன் என்ற அடையாளம் இருக்கிறதா எனப் பார்த்து, இருந்தால் மெய்பாஸ், இல்லையென்றால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர். லோகோ இந்த வழியில் போகும். இன்னொன்று, எழுதப்படுகிற ஃபைலுக்கு: விண்டோஸில் ஒவ்வொரு யூசருக்கும் இருக்கும் லோக்கல் ஆப்டேட்டா என்ற இடத்துக்குள் நமக்கென்று ஒரு ஃபோல்டர், டேட்டாபேஸ் அங்கே. எக்ஸி பக்கத்திலேயே வைக்கலாமே என்று கேட்கலாம், ஒரு நாள் யாராவது அதை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தூக்கி வைப்பார்கள், அங்கே சாதாரண யூசருக்கு எழுத உரிமை கிடையாது. ஜேசன்தான் இரண்டும் கெட்டான். கூடவே வரவும் வேண்டும், கூலி மாறும்போது திருத்தவும் வேண்டும். முதல் முறை ஓடும்போது உள்ளிருக்கும் பிரதியை ஆப்டேட்டாவுக்கு நகலெடுத்து, அதன்பின் அதையே படிக்கும்படி வைத்தேன்.

எஸ்க்யூலைட்டில் இன்னொன்றும் மாற்றினேன். டேட்டாபேஸ் ஃபைல் இல்லாவிட்டால் அது எரர் தராது, சத்தமில்லாமல் காலியாகப் புதிது ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அதனால் ஃபைல் இல்லையென்றால் நானே முதலில் பார்த்து, பெரிய எழுத்தில், தமிழில், பழைய கணக்கைக் காணவில்லை, புதிதாகத் தொடங்கவா என்று கேட்கும்படி செய்தேன். கணக்குப்பிள்ளை ஆம் என்று அமுக்கும் முன் எனக்குப் போன் செய்வார். அது போதும்.

பிறகும் ஃபைல் காணாமல் போகாமல் இல்லை. ஒருமுறை அவர் கூலியை நோட்பேடில் திருத்தி வேறு பெயரில் சேமிக்கப்போய், ஜேசனுக்குப் பின்னால் டாட் டெக்ஸ்ட் ஒட்டிக்கொண்டது. விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடும், எனவே கண்ணுக்கு ஜேசன் இருக்கிறது, புரோகிராமுக்கு இல்லை. வீடியோ காலில் முக்கால் மணி நேரம். இன்னொருமுறை, எப்படிக் கட்டவேண்டும் என்று பைஇன்ஸ்டாலருக்குச் சொல்லும் ஸ்பெக் ஃபைலில் பார்த்துப் பார்த்து எழுதிய ஃபைல் பட்டியலை, பழக்கதோஷத்தில் ஸ்கிரிப்ட் பெயரைக் கொடுத்து மறுபடி பில்ட் செய்து நானே அழித்துக்கொண்டேன். ஸ்பெக் எழுதிவிட்டால் பில்ட் செய்யும்போது ஸ்பெக்கின் பெயரைத்தான் கொடுக்கவேண்டும், ஸ்கிரிப்ட்டின் பெயரைக் கொடுத்தால் அது ஸ்பெக்கைப் புதிதாக எழுதிவிடும். 2023-இல் பைஇன்ஸ்டாலர் 6 வந்தபோது, ஃபோல்டராகக் கட்டும் முறையில் எக்ஸி பக்கத்தில் கொட்டிக்கிடந்த ஃபைல்களெல்லாம் இன்டர்னல் என்ற உள் ஃபோல்டருக்குள் போய்விட்டன. பார்க்கச் சுத்தமாக இருந்தது, ஆனால் வேறொரு இடத்துக்கு நான் எழுதிய புரோகிராம் அன்று தன் படத்தைத் தேடி எக்ஸி பக்கத்தில் நின்றது. அங்கே இன்னும் பழைய பாணியில் பாதை எழுதியிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போதெல்லாம் கட்டிய எக்ஸியை என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்பதை நான் சோதனையாகவே எண்ணுவதில்லை. அக்காவின் லேப்டாப்பில், பைதான் இல்லாத இடத்தில், எக்ஸியை மட்டும் டவுன்லோட்ஸில் போட்டு ஓட்டுவேன். இரண்டு பதிவு போட்டு, மூடி, திறந்து, பதிவு இருக்கிறதா என்று பார்ப்பேன். முதல் பில்டில் கருப்பு கன்சோல் ஜன்னலை மறைக்கமாட்டேன், எரர் முழுசாகத் தெரியட்டும் என்று. அக்காவுக்கு இது எரிச்சல்.

அந்த மண்டியில் இன்னும் அதே புரோகிராம்தான். எல்லாம் சரியான பிறகு ஒரு வாரம் கழித்து கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். சீட்டு எண் இப்போது இருநூறைத் தாண்டிப் போகிறது, சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, அந்த ரெண்டு நாள் காலையில் ஒன்றிலிருந்து வந்ததே, அதை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று கேட்டார். தேதியும் அன்றைய எண்ணும் சேர்ந்து வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன்.