காசு இல்லையாம்

அமெரிக்காவுல "காசு எங்கே இருக்கு"ன்னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு 2021 டிசம்பர் 15 தான் ஞாபகம் வரும். அந்த வருஷம் பைடன் கவர்மெண்ட் சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டை, அதாவது பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கான வரிச்சலுகையை, கூட்டி, ஜூலைலருந்து மாசாமாசம் அப்பா அம்மா அக்கவுண்ட்லயே போட்டுச்சு, ஆறு வயசுக்குள்ள இருந்தா 300 டாலர், பெரிய பிள்ளைன்னா 250, வேலை இல்லாத வீட்டுக்கும் உண்டு. அதோட கடைசி தவணை போனது அந்த 15ஆம் தேதி. அதே நாள்தான் செனட்ல 76,800 கோடி டாலர் பாதுகாப்பு மசோதா 88-11ன்னு பாஸ் ஆகுது, ரெண்டு கட்சியும் கைகோத்துக்கிட்டு, "பணம் எங்கிருந்து வரும்"னு பெருசா யாரும் கேக்கல. நாலு நாள் கழிச்சு பைடன் கட்சியிலேயே இருந்த மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜோ மான்சின் டிவில வந்து, குழந்தைப் பணத்தை நீட்டிக்கிற மசோதாவுக்கு நோ சொல்றாரு. காரணம் கடனாம், விலைவாசியாம். நாட்டுலயே ஏழை மாநிலங்கள்ல ஒண்ணுக்கு அப்போ செனட்டர் இவரு!

விலைவாசி பயம் அப்போ நெஜம்தான், அதை மறுக்கல. ஆனா குழந்தைகள் வறுமை 2021ல 5.2 சதவீதம், அந்தப் பணம் நின்ன 2022ல 12.4. சென்சஸ் பீரோ கணக்கு இது, கட்சிக்காரன் கணக்கு இல்ல.

2017ல கார்ப்பரேட் வரிய 35லருந்து 21 சதவீதமா குறைச்சப்ப மட்டும் கடன் எங்க போச்சுன்னு தெரியல. 2025ல டிரம்ப் அதே கிரெடிட்டை ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 2,200 டாலர் ஆக்கிட்டேன்னு பெருமை பேசினாரு, சம்பளம் ரொம்ப கம்மியா இருக்குற வீட்டுக்கு அது முழுசா கிடைக்காது, அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.