தண்ணீரோடு பரிசோதனை அறிக்கையும் வயலுக்கு வரட்டும்

சுத்திகரித்த கழிவுநீரைப் பாசனத்துக்குப் பயன்படுத்துமாறு உழவர்களிடம் சொல்லப் போகிறவர்கள் பலர், "இது சுத்தமான தண்ணீர்தான்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். எந்தப் பயிருக்கு, எந்த முறையில், எவ்வளவு பாய்ச்சலாம் என்ற விவரம் வராத வரை, உழவர்களுடைய தயக்கத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலம் கெட்டால் நட்டம் அவர்களுக்குத்தானே?

உரக்கணக்கிலிருந்து தொடங்குவதே நல்லது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சியுள்ள நீரை ஒரு ஹெக்டேருக்கு 5,000 கன மீட்டர் பாய்ச்சினால், 100 கிலோ தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய 217 கிலோ யூரியாவுக்கு ஈடான சத்து, செலவில்லாமல் வயலில் சேர்கிறது. ஆனால் பயிருக்குத் தேவைப்படாத பருவத்திலும் அது வந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைக் கழிக்காமல் வழக்கம்போல் மேலுரம் இட்டால், பயிர் தழைத்துக்கொண்டே போய், கதிர் முற்றுவது தள்ளிப்போவதுடன் தண்டு வலுவிழந்து சாயவும் கூடும்.

வழக்கமான சுத்திகரிப்பு, நீரில் கரைந்துள்ள உப்பை நீக்குவதில்லை. அந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் உவர்ப்பைப் பற்றிக் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் உப்பைத் தாங்கும் பயிரையும் நல்ல வடிகாலையும் தவிர வேறு வழியில்லை. சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி, பாய்ச்சிய நீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். சாயப்பட்டறை, முலாம் பூசும் ஆலை போன்றவற்றின் கழிவு கலந்துவரும் நீரில் கன உலோகங்களும் இருக்கலாம் என்பதால், அதை நான் எந்த உழவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நோய்க்கிருமி பற்றிய அச்சம் வெறும் கற்பனையன்று. 1970-இல் ஜெருசலேமில் பரவிய காலராவுக்குக் கழிவுநீரில் விளைந்த பச்சைக் காய்கறிகள் காரணமாயின. சுத்திகரிப்பை மட்டும் நம்பாமல், வயலிலிருந்து சமையலறை வரை பல தடுப்புகளை அடுத்தடுத்து வைக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின் சாரம். தெளிப்பு முறையை விடச் சொட்டுநீர் பாதுகாப்பானது, ஏனெனில் இலையும் காயும் நனைவதில்லை. அறுவடைக்குச் சில நாள் முன்பே பாசனத்தை நிறுத்தினால், வெயிலிலும் காற்றிலும் கிருமிகள் பெருமளவு மடியும். பருத்தி, மரப்பயிர், சமைத்தே உண்ணும் தானியம் ஆகியவற்றில் தொடங்குவது நல்லது. பச்சையாக உண்ணும் கீரைக்கும் மண்ணுக்குள் விளையும் கேரட்டுக்கும் மிக உயர்ந்த தரமுள்ள நீர் தேவை.

உண்பவரைப் பற்றிப் பேசும் அளவுக்கு மடை திருப்புகிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குடலில் ஒட்டி வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலுக்குள் புகுகிறது. ஆகவே முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும் கையுறையும் திட்டச் செலவிலேயே சேர வேண்டும். குடிநீர்க் குழாயோடு எங்கும் இணையாதபடி இந்தப் பாசனக் குழாய்க்குத் தனி நிறம் அடித்து, "குடிக்க ஆகாது" என்று திறப்பானுக்கு அருகில் எழுதிவைக்க வேண்டும். தழைச்சத்து, உப்பு, கிருமி, புழுமுட்டை ஆகியவற்றின் அளவை உழவருக்குப் புரியும் மொழியில் மாதந்தோறும் தர மறுக்கும் சுத்திகரிப்பு நிலையத்திடம், இலவசமாகக் கொடுத்தாலும் தண்ணீர் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.