பாதாள சாக்கடை கேக்குறதுக்கு முன்னாடி செப்டிக் டேங்க் லாரி எங்க போகுதுன்னு பாருங்க

எங்க பக்கம் எந்த எலக்‌ஷன் வந்தாலும் பாதாள சாக்கடை கொண்டு வர்றோம்னு ஒருத்தராவது சொல்லிருவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு சின்ன பேரூராட்சில, பாதி வார்டு வயக்காடும் தோப்புமா வீடுங்க தள்ளித் தள்ளி இருக்குற எடத்துல, அவ்ளோ தூரம் கொழாய் பதிச்சு பம்பிங் ஸ்டேஷன் வச்சு மாசாமாசம் கரண்ட் பில்லு கட்டி ஆள் போட்டு ஓட்டுறதுக்கு வரி வருமானம் எங்கேர்ந்து வரும்?

இதுக்கு வேற வழி ஏற்கனவே இருக்கு, வீட்டு செப்டிக் டேங்க்ல சேர்ற மலக்கசட லாரில எடுத்துட்டு போய் ஒரு எடத்துல வச்சு சுத்தம் பண்றது. மதுராந்தகம் பக்கத்துல கருங்குழி பேரூராட்சி, தமிழ்நாட்டுல மொத மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017ல அங்கதான் வந்துச்சு, ஒரு நாளைக்கு 20,000 லிட்டருக்கு மேல வாங்கும், மதுராந்தகத்துல எடுக்குற லோடும் அங்கதான் போகுது. அதுக்கும் முன்னாடி 2015லயே பெங்களூரு ஏர்போர்ட் பக்கம் தேவனஹள்ளில இதே மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சாங்க.

உள்ள நடக்குறது ரொம்ப சிம்பிள். லாரி வந்து கொட்டுனதும் மொதல்ல ஒரு கம்பி வலை, துணி, நாப்கின், பிளாஸ்டிக் எல்லாம் அதுல நின்னுரும் (டாய்லெட்ல என்னென்ன போடுறோம்னு அங்க பாத்தாத் தெரியும்). லாரில வர்றதுல நூத்துக்கு தொண்ணூத்தஞ்சுக்கு மேல தண்ணிதான். அத மணலும் ஜல்லியும் அடுக்கடுக்கா போட்ட பாத்தில ஒரு அடிக்கும் கம்மியான உயரத்துக்கு பரப்பி விட்டா தண்ணி கீழ எறங்கிரும், மேல நிக்கிறது வெயில்ல காஞ்சு கோடைல வத்துன ஏரி மாதிரி பாளம் பாளமா வெடிச்சு நிக்கும். மண்வெட்டியால சுரண்டி எடுத்தா ஈஸியா வந்துரும், நாத்தமும் பெருசா இருக்காது. ஆனா உடனே வயலுக்கு போடக்கூடாது, நாக்குப்பூச்சி முட்டையெல்லாம் லேசுல சாகாது, குப்பையோட சேத்து சூடேற மக்க வச்சுதான் எருவா குடுக்கணும். கீழ எறங்குன தண்ணிய கல்வாழை மாதிரி செடி வச்ச ஜல்லி படுகை, அப்புறம் ஒரு குட்டைன்னு விட்டுத் தெளிய வைப்பாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு இத விட பொருத்தமான முறை எனக்குத் தெரியல, ஐப்பசி கார்த்திகை மழைக்கு மட்டும் பாத்திக்கு மேல கூரை வேணும்.

பிளான்ட் கட்டுறது பாதி வேலைதான். லாரி அங்க வரணுமே. ஒரு லோடுக்கு இவ்ளோன்னு பேசி வர்ற டிரைவருக்கு பத்து பதினஞ்சு கிலோமீட்டர் டீசல் போட்டு போறத விட ராத்திரில ஓடையில தொறந்து விட்டுட்டு போறது லாபம். எங்க ஊர் ஓடையில அது நடக்குறத நானே பாத்துருக்கேன், அதே ஓடை எறங்குற எடத்துல ஆடு மாடு தண்ணி குடிக்குது, வயித்தெரிச்சலா இருக்கு. 2022ல சட்டத்த திருத்தி லாரிக்கு லைசென்ஸ் கட்டாயம்னு கொண்டு வந்தாங்க, ஜிபிஎஸ் வச்சு எங்க கொட்டுறாங்கன்னு பாக்கலாம், பாக்குறதுக்கு ஆபீஸ்ல ஒரு ஆள் உக்காரணும்.

இன்னொன்னு நம்ம வீட்டு டேங்க். நெறய வீட்ல செப்டிக் டேங்க்னு சொல்றது அடியில சிமென்ட் பூசாத உறை கெணறுதான். ரொம்பவே மாட்டேங்குது, இருபது வருஷமா எடுக்கவே இல்லன்னு பெருமையா சொல்லுவாங்க. ரொம்பலன்னா அந்த தண்ணியெல்லாம் மண்ணுக்குள்ள, பக்கத்துல இருக்குற போர் தண்ணிக்குத்தான் போயிட்டு இருக்குன்னு அர்த்தம். ஒழுங்கான டேங்க்குன்னா நடுவுல தடுப்புச்சுவர் வச்சு ரெண்டு அறை, அடியும் சுவரும் கசியாம பூச்சு, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா எடுத்தே ஆகணும். அடியில கல்லா எறுகுனப்புறம் ஓஸ் இழுக்காது, அப்பதான் ஆள எறக்கச் சொல்லுவாங்க. உள்ள இருக்குற வாயு ஒரு மூச்சுல ஆள சாய்ச்சிரும். 2013 சட்டப்படி பாதுகாப்பு கவசம், ஏற்பாடு இல்லாம அப்படி எறக்குறது குத்தம், இன்னும் உயிர் போயிட்டுத்தான் இருக்கு.

வீடு கட்டிட்டு இருக்குறவங்க யாராவது படிச்சா, டேங்க் மூடிய போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில பொதச்சிராதீங்க. ரெண்டு அறைக்கும் தனித்தனி மூடி, லாரி ஓஸ் எட்டுற எடமா பாத்து வைக்கச் சொல்லி மேஸ்திரிகிட்ட இப்பவே சொல்லிருங்க.