டெக்சாஸ் கரிசலில் ஒரு வீடு

டெக்சாஸில் வீடு வாங்கி முடித்த அன்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, கட்டுமான மேற்பார்வையாளர் எங்களிடம் ஒன்றை அழுத்திச் சொன்னார். "கோடையில் வீட்டுக்குத் தண்ணீர் விட மறக்காதீர்கள்." புல்லுக்கு அல்ல, செடிக்கும் அல்ல, வீட்டுக்கு. சுவரை ஒட்டி, ஓர் அடி தள்ளி, சுற்றிலும் பொத்தல் போட்ட ரப்பர் குழாயைப் பதித்து, அஸ்திவாரத்தின் ஓரத்தை ஈரமாக வைத்திருக்க வேண்டுமாம். இல்லையென்றால் மண் சுருங்கி இறங்கும், தளம் வளையும், சுவர் விரியும்.

அன்று இரவே கோவில்பட்டிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏட்டி, இங்கன குடிக்கத் தண்ணிக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்கோம், அங்கன வீட்டுக்கா ஊத்துத?" என்றாள். சிரித்துத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் எப்போது வரும் என்று குடங்களை வரிசையில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் நான்.

மறுநாள் காலையில் பின்பக்கம் போய் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். கரிசல். கன்னங்கரேலென்று, நாலு விரல் நுழையும் வெடிப்போடு, நான் பிறந்த ஊர்க் காட்டு மண். மழை பெய்தால் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது. வெயில் காய்ந்தால் பாளம் பாளமாகப் பிளந்துவிடும். சான் அன்டோனியோ பக்கத்திலிருந்து டாலஸைத் தாண்டி வடக்கே ஒக்லஹோமா எல்லைப் பக்கம் வரைக்கும் நீண்டு கிடக்கிறது இந்தக் கருமண் புல்வெளி. ஒரு காலத்தில் இதில் பருத்திதான் விளைந்தது. டாலஸ் நகரமே பருத்திச் சந்தையாகப் பெருத்த ஊர். பூமிக்கு அந்தப் பக்கம் வந்தும் பருத்திக் காட்டு மேல்தான் எனக்கு வீடு அமைந்திருக்கிறது என்று நினைத்தபோது, அந்த இடத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் மண்ணைக் கையில் வைத்திருந்தேன்.

நாங்கள் இங்கே வந்தது கொரோனாவுக்கு முந்தைய கோடையில். அதற்கு முன்பு பல வருடம் வடக்கே ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து. என் கணவர் வேலை பார்த்த நிறுவனம் அவருடைய பிரிவை அப்படியே டாலஸை ஒட்டிய பிளேனோவுக்கு மாற்றியது. வருகிறவர்கள் வரலாம், மற்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். மாற்றலான கடிதத்தில் பெரிய எழுத்தில் இருந்த விஷயம், டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பது. இப்படித் தெற்கே வருவது நிறுவனங்களுக்கு ஒன்றும் புதிதல்ல. 1979-லேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நியூயார்க்கை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. 2017-ல் டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தைக் கலிபோர்னியாவிலிருந்து பிளேனோவுக்குக் கொண்டுவந்தது. பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் 1990-ல் சுமார் 6,000 பேர். 2020 கணக்கெடுப்பில் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கத்தை நான் கிளீவ்லாந்தில் பார்த்திருக்கிறேன். 1950-ல் அங்கே 9 லட்சத்துக்கு மேல் ஜனம், 2020-ல் 3 லட்சத்து 73 ஆயிரம் கூட இல்லை. தெருவில் நடந்தால் வீடு, வெற்று மனை, வீடு, வெற்று மனை என்று வரும். என் கணவரோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பக்கத்திலிருக்கும் யங்ஸ்டவுன்காரர். 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை, அங்கே பெரிய இரும்பாலை ஒன்றை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. அந்தத் தேதியை அவர் வீட்டில் யார் கேட்டாலும் சொல்வார்கள், செத்தவர் திதியைச் சொல்வதுபோல. அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாரும் அப்போதே ஹூஸ்டன் பக்கம் போய்விட்டார்களாம்.

குளிருக்குப் பயந்து ஜனங்கள் தெற்கே ஓடுகிறார்கள் என்று இங்கே பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வெயில் என்றைக்கும் இங்கேதான் இருந்தது. வேலை வந்தது, மலிவான மனை வந்தது. தொழிற்சங்கம் எளிதில் காலூன்ற முடியாதபடி 1947-லேயே இங்கே சட்டமும் போட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஏசி வந்தது. அந்த இயந்திரத்தை 1902-ல் வடிவமைத்த வில்லிஸ் கேரியர் அப்போது வேலை பார்த்தது பனிக்குப் பேர்போன பஃபலோவில். அந்த நகரமும் 1950-க்குப் பிறகு பாதிக்கு மேல் ஜனத்தை இழந்தது. வடக்கே செய்த பெட்டி வடக்கையே காலி செய்ய உதவியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். கிளீவ்லாந்தில் வாங்கியதைவிட இரண்டு மடங்கு பெரிய வீடு. மல்லிகைப்பூ கிடைக்கிறது, வாழை இலை கிடைக்கிறது, ஆடி மாதத்துக்கு உண்மையாகவே ஆடி மாத வெயில் அடிக்கிறது. பனியை அள்ளித் தள்ளும் வேலை இல்லை. பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

பழகாத ஒன்று, வீட்டுக்குப் பேஸ்மென்ட் இல்லாதது. கிளீவ்லாந்தில் பனி மண்ணுக்குள் இறங்கி உறையும் ஆழத்துக்கும் கீழேதான் அஸ்திவாரம் போட வேண்டும். அவ்வளவு தோண்டியபிறகு அதை ஓர் அறையாக்கிக்கொள்வார்கள். இங்கே அப்படி உறைவதில்லை. அதோடு ஊறி உப்பும் இந்தக் கரிசல், நிலத்தடிச் சுவரை நெருக்கி உடைத்துவிடும் என்பதால் யாரும் தோண்டுவதில்லை. காரணம் புரிகிறது. ஆனால் எங்கள் கிளீவ்லாந்து வாழ்க்கை முழுக்க நடந்தது அந்த நிலவறையில்தான். கொலு அங்கே, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு அங்கே, பொங்கலுக்குப் பாய் விரித்து நாற்பது பேர் சாப்பிட்டது அங்கே. பக்கத்து ஊரான பார்மாவின் சிவ விஷ்ணு கோவிலில் பார்த்தவர்கள் அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்து கீழே இறங்கிவிடுவார்கள். ஈஸ்டர் சமயத்தில் தியாகராஜ ஆராதனைக்கு அமெரிக்கா முழுவதிலுமிருந்து வருகிறவர்களில் நாலைந்து குடும்பம் எங்கள் பேஸ்மென்டில்தான் படுக்கும். 1978-ல் தொடங்கிய அந்த விழா இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் அந்த ஊர் நிலவறைகளுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். விடிய விடியப் பேச்சும் பாட்டும். வெளியே முழங்கால் பனி.

டெக்சாஸ் வீட்டில் பெரிய ஹால் இருக்கிறது. நவராத்திரிக்கு அழைத்தால் வருகிறார்கள், சுண்டல் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். இங்கே நம் ஜனம் அதிகம், ஒரே மாலையில் பத்து வீட்டுக் கொலு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குளிரில் பத்துக் குடும்பமாக ஒண்டிக்கிடந்தவர்களுக்குத்தான் அந்த ஒட்டுதல் வரும்போல.

வெயிலும் இங்கே வேறு மாதிரி. கோவில்பட்டியில் சித்திரை வெயில் என்றால் வேப்பமரத்தடியில் கட்டில், ராத்திரி மொட்டை மாடியில் வரிசையாகப் பாய், தெரு பூராவும் பேச்சுச் சத்தம். எங்கள் ஆச்சி ஈரத்துணியைச் சுற்றிய பானையிலிருந்து மோர் ஊற்றித் தருவாள். எதிர்வீட்டுச் சித்தப்பா மாடிக்கு மாடி குரல் கொடுத்துப் பேய்க்கதை சொல்வார். இங்கே ஜூலை மாதம் எங்கள் தெருவில் ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. கார் நேராக வீட்டுக்குள் நுழைகிறது, கதவு இறங்குகிறது, ஏசி ஓடுகிறது. எல்லாரும் வெயிலைத் தேடி வந்தவர்கள் என்கிறார்கள். வெயிலில் ஒருவரும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவை நான் நெருங்கித் தெரிந்துகொண்டதே குளிரில்தான். 2021 பிப்ரவரியில் டாலஸில் மைனஸ் 19 டிகிரி வந்தது. அந்தக் குளிர் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் மாநிலம் முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றுபோனது. டெக்சாஸின் பெரும்பகுதி தனி மின்தொகுப்பில் இருக்கிறது, பக்கத்து மாநிலங்களிடமிருந்து தேவைக்கு வாங்க முடியவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். எங்களுடையது மின்சார அடுப்பு. அந்த அம்மா வீட்டில் கேஸ் அடுப்பு. கதவைத் தட்டி எங்களை அழைத்துக்கொண்டு போனார். அவர் சூப் வைத்தார், நான் மிளகு ரசம் வைத்தேன். அடுப்பைச் சுற்றிக் கம்பளியோடு உட்கார்ந்திருந்தோம்.

அன்றுதான் தெரிந்தது, அவர் கிளீவ்லாந்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா இதே கரிசலில் வேறொருவர் நிலத்தில் பருத்தி எடுத்த கறுப்பினத்தவர். நிறவெறிக்கும் கடனுக்கும் தப்பி வடக்கே ஆலை வேலைக்குப் போனார். 1910-லிருந்து 1970 வரை தெற்கை விட்டுப் போன கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம் பேர். ஆலைகள் மூடியதும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திரும்ப வரத் தொடங்கினார்கள். "தாத்தா ஓடிப்போன மண்ணை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்" என்றார் அந்த அம்மா. கோவில்பட்டியில் பருத்தி எடுக்கப்போன என் ஆச்சியைப் பற்றி நான் சொன்னேன். கரண்ட் வந்தபிறகும் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் வைத்த முருங்கை அந்தக் குளிரில் கருகியது. சித்திரையில் வேரிலிருந்து துளிர்த்துவிட்டது. ஆனால் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த வயல்கள் துளிர்க்கப்போவதில்லை. நாங்கள் வந்தபோது சோளம் நின்ற காட்டில் இப்போது எங்கள் வீட்டைப்போலவே ஐந்நூறு வீடு. அந்தப் பழைய கருமண் புல்வெளியில் நூற்றில் ஒரு பங்குகூட இயற்கையாக மிஞ்சவில்லை என்கிறார்கள். ஒரு மழைக்கு ஏங்கிக் கம்பும் உளுந்தும் விதைத்த மானாவாரிக் குடும்பத்துப் பெண் நான். இவ்வளவு நல்ல மண்ணைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டு, அது அசையக் கூடாது என்று தண்ணீர் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஒரு பங்கு நிலத்தையாவது காடாக விட வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசினேன். அந்த அம்மாவும் கூட வந்து பேசினார்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். கல்லூரிக்கு ஒஹாயோதான் வேண்டும் என்கிறாள். எல்லாரும் இங்கே வரும்போது நீ எதற்கு அங்கே போகிறாய் என்று அவள் அப்பா கேட்டார். "அங்கே ஏரி இருக்கு, ஸ்னோ இருக்கு, வீடு விலை கம்மிப்பா" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நன்னீர் அவ்வளவு நிறைந்த இடத்தை விட்டு வந்துதான் நாம் வீட்டுக்கும் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். வரும் ஈஸ்டருக்கு ஆராதனையையும் கேட்டுவிட்டு, கல்லூரியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. படுக்க இடம் பழைய சிநேகிதி வீட்டுப் பேஸ்மென்டில்.