சர்வரை அணைக்காமல் ஐபி மாற்றியது

நான் பார்த்துக்கொள்ளும் மொத்தவிலைக் கடை ஒன்றில் பில்லிங் சர்வர் ஓர் உபுண்டு (லினக்ஸ் வகை) மெஷின். நெட்வொர்க்கில் அதன் ஐபி முகவரி 192.168.1.120. அங்கே ரவுட்டர், முகவரியின் கடைசி எண்ணாக 100 முதல் 200 வரையுள்ளவற்றைப் போன்களுக்குக் கொடுக்கும். போன மாதம் யாருடைய போனுக்கோ அதே 120 போய்விட்டது. சாயங்கால வியாபார நேரத்தில் கவுண்டர்களில் பில் பாதியில் நின்றது. 120-ஐ விட்டு 20-க்குப் போயே ஆகவேண்டும்.

ரீபூட் செய்யப் பயம். டிஸ்க் பழசு, நின்றால் திரும்பச் சுழலுமோ என்னவோ. புது டிஸ்க் வரும்வரை கை வைக்கக் கூடாது.

லினக்ஸில் ஒரே நெட்வொர்க் கார்டுக்கு இரண்டு முகவரி இருக்கலாம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதலில், ஒரு முகவரி யாரிடமாவது இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் கேட்கும் ‘ஆர்ப்பிங்’ கட்டளையைப் போட்டு 20 யாரிடமும் இல்லை என்று உறுதி செய்தேன். பிறகு ‘ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.20/24’ என்று கொடுத்து, ‘டெவ்’ என்றபின் கார்டின் பெயர். அவ்வளவுதான், இரண்டு எண்ணிலும் சர்வர் பதில் சொன்னது. டேட்டாபேஸ் எல்லா முகவரியிலும் காது கொடுத்துக்கொண்டிருந்ததால் அதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

அவசரமே இல்லை. கூட்டம் இல்லாத நேரம் பார்த்து ஒவ்வொரு கவுண்டராக மாற்றினேன். பழைய எண்ணில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று ‘எஸ்எஸ்’ கட்டளை காட்டிவிடும். மூன்றாம் நாளும் அதன் பட்டியலில் ஒரு வரி மட்டும் போகவில்லை. தேடிப்போனால் குடோனில் லேபிள் அடிக்கும் கணினி! எல்லோரும் மறந்துபோன ஒன்று.

பழையதை எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். ‘ஐபி அட்ரஸ்’ பட்டியலில் 20-க்குப் பக்கத்தில் ‘செகண்டரி’ என்று இருந்தது. ஒரே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரே பகுதியில்) இரண்டாவதாகச் சேர்த்த முகவரி முதல் முகவரியை அண்டியே நிற்கும். ‘ப்ரமோட் செகண்டரீஸ்’ என்ற கர்னல் (லினக்ஸின் உட்கரு) அமைப்பு 0 என்று இருந்தால், 120-ஐ நீக்கும்போது 20-ம் கூடவே போய்விடும். தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதோடு கதை முடிந்தது. பார்த்தேன், 1 என்றுதான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. 300 வினாடி கழித்து 120-ஐத் திரும்பச் சேர்க்கும்படி பின்னணியில் ஒரு வேலையை ஓடவிட்டேன்.

20 வழியாகப் புதிதாக உள்ளே நுழைந்து, அங்கிருந்துதான் 120-ஐ நீக்கினேன். பழைய எண்ணில் திறந்திருந்த ஜன்னல் அப்படியே உறைந்தது. புது ஜன்னலில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியான டீஃபால்ட் ரூட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்னணி வேலையை நிறுத்தினேன்.

இதுவரை செய்ததெல்லாம் நினைவகத்தில் மட்டும்தான், ரீபூட் ஆனால் போய்விடும். அப்புறம் உபுண்டு தன் நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பிலும் 20 என்று எழுதி, ‘நெட்பிளான் ட்ரை’ கொடுத்தேன். 120 வினாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் அது தானாகப் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். தட்டினேன். சர்வர் எவ்வளவு காலமாக அணையாமல் ஓடுகிறது என்று காட்டும் ‘அப்டைம்’ பார்த்தேன்: 412 நாள். கவுண்டரில் பில் ஓடிக்கொண்டிருந்தது.