ஏழு மணி நேரம்

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு அந்தப் பையன் கதவைத் தட்டினான். காலையில் அவனுக்குக் கபடித் தேர்வு ஆட்டம். "ஒறக்கமே வர மாட்டேங்கு சார்" என்றான். நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஏல, ஏழு மணி நேரமாவது ஒறங்கலைன்னா நாளைக்குக் கால் நிக்காது. போய்க் கண்ண மூடிப் படு." ஒரு நொடி நின்றான். வாட்சின் அடியில் மினுக்கிய பச்சை வெளிச்சம் கதவில் பட்டது. "சரி சார்" என்று போய்விட்டான்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருஷமாகியும் எனக்கு அது முடியவில்லை.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. நாள்கணக்கில் தூக்கம் குறைந்தால் பாடிப் போகிற ரைடர் காலை இழுப்பது தாமதமாகும், எதிரணியில் ஓரத்தில் நிற்கிற கார்னர் பிடித்துவிடுவான். எனக்கும் ஐந்து மணிக்கு எழுந்து ஆறு பேருக்குக் கணுக்காலில் டேப் சுற்றும் வேலை இருந்தது. இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஐந்தரைக்கு விசில் ஊதி எழுப்பிவிடுவோமே, ஒன்றே முக்காலில் ஏழு மணி நேரத்துக்கு அவன் எங்கே போவான்? கையில் இல்லாததைக் கேட்டு அனுப்பியிருக்கிறேன்.

கண்ணை மூடிப் படு என்றதுதான் அதைவிடத் தப்பு. தூக்கத்தைத் துரத்தினால் அது இன்னும் விலகும். 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று பார்த்துக்கொண்டே இருக்கிற மனம் உடம்பை விழிப்பிலேயே வைத்திருக்கும். நாளாக ஆக, கட்டில் என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று ஆகிப்போகும். இருபது நிமிஷம் போல ஆகியும் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும், கண் சொக்கும்போது திரும்பிப் படுக்க வேண்டும் என்பதுதான் தூக்க சிகிச்சையில் சொல்வது. அவன் தானாகவே எழுந்து வந்திருந்தான். நான் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் ஒன்பது பாயின்ட் எடுத்தான். முந்தின நாட்களில் ஒழுங்காகத் தூங்கியிருந்தால் ஒரு ராத்திரி கெட்டதால் பலம் பெரிதாகப் போய்விடாது. அதைத்தான் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். கோச்சுக்குச் சந்தோஷம். நானும் மறந்துவிட்டேன்.

பல மாதம் கழித்துப் போனில் சொன்னான்: "மேட்சுக்கு முந்தின ராத்திரி, ஏழு மணி நேரம்னு நீங்க சொன்னதுதான் சார் காதுல கேக்கு." எத்தனை மணி நேரம் தூங்கியதாக வாட்ச் காட்டுகிறது என்று ராத்திரி நாலைந்து தடவை பார்ப்பானாம். இப்படி வாட்சின் கணக்கைப் பார்த்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கு 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அவனுக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தது வாட்சா, நானா?

மின்னொளி கபடியில் வளர்ந்த பையன் அவன். நம்ம பக்கத்துக் கோயில் கொடை ஆட்டங்களில் செமி ஃபைனலே ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் நடக்கும். அவன் உடம்புக்கு அதுதான் ஆட்ட நேரம், பழக்கதோஷம் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தால் எனக்குப் பாரம் குறைகிறது. ஆனால் அங்கே தோற்றாலும் ஜெயித்தாலும் வேனில் ஏறியதும் தூங்கிவிடுகிறவன்தானே அவன்? அங்கே ஆட்டக்காரர்களை ஏலம் எடுப்பதில்லை. அக்கா கல்யாணக் கடன் அந்த ரைடில் தொங்கவில்லை. முந்தின சீசன் கடைசி ஆட்டத்தில் பாயின்ட் எடுத்தே ஆக வேண்டிய டூ ஆர் டை ரைடில் வெறுங்கையோடு பிடிபட்டதை இன்னொருத்தன் சொல்லித்தான் அறிந்தேன். அதற்கப்புறம் அவனை உட்கார வைத்துவிட்டார்களாம். ஒருவேளை அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வந்தானோ என்னவோ. "உள்ள வாடே" என்று கூப்பிட்டிருந்தால் தூங்கியிருப்பான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விடிய விடியப் பேசியிருப்பான், அவ்வளவுதான். அதுவும் போதாதா என்று தோன்றுகிறது. போதாது என்றும் தோன்றுகிறது.

போன வாரம் ராத்திரி 2:10-க்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான். "முழிச்சிருக்கீங்களா சார்?" ஐந்து மணிக்குத்தான் பார்த்தேன், உடனே கூப்பிட்டேன். அவன் அம்மா எடுத்தார்கள். "இப்பத்தான் சார் கண் அசந்தான். எழுப்பட்டுமா?"

"வேண்டாம்மா" என்றேன். "அந்த வாட்சை மட்டும் மெதுவாக் கழட்டி வைங்க."