மயக்கம் தெளியும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க

பிள்ளைக்கு ஆபரேஷன் முடிந்தது என்று சொன்ன பிறகும், மயக்கம் தெளியும் அறைக்குள் உங்களை உடனே விடமாட்டார்கள். மூச்சுக்காகத் தொண்டைக்குள் வைத்த குழாயை எடுத்த முதல் சில நிமிடங்களில் குரல்நாண் இறுகி மூச்சு அடைபடலாம். அண்மையில் சளி பிடித்திருந்த பிள்ளைக்கு அந்த ஆபத்து கூடுதல். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு நிலைத்த பிறகுதான் கூப்பிடுவார்கள். சில இடங்களில் கேட்டால்தான் கூப்பிடுவார்கள். அதனால், முன்பரிசோதனைக்கு மயக்க மருத்துவர் வரும்போதே கேட்டு வைத்துவிடுங்கள். பெரும்பாலும் ஒருவருக்குத்தான் அனுமதி. அவர் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பிள்ளை பட்டினி என்று அம்மாவும் பட்டினி கிடப்பது நம் வழக்கம். அங்கே மயங்கி விழுந்தால் சிஸ்டருக்கு இரட்டை வேலை.

உள்ளே போனதும் கன்னத்தைத் தட்டி எழுப்பாதீர்கள். தானாக விழிக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், குறிப்பாக செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு கொடுக்கப்பட்டவர்கள், விழித்ததும் கதறி, முதுகை வளைத்து, காலை உதைப்பது உண்டு. அம்மாவையே அடையாளம் தெரியாது. கண்ணைப் பார்த்துப் பேசினாலும் பார்வை எங்கோ நிற்கும். வலியால் அழும் பிள்ளை உங்களைத் தேடும், இப்படி மயக்கக் கலக்கத்தில் கதறும் பிள்ளை தேடாது, வித்தியாசம் அங்கேதான். ஆனாலும் இரண்டும் கலந்தே வரலாம், அதனால் சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் தானே அடங்கிவிடும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் இது வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் வேலை விழுந்துவிடாமல் பார்ப்பது, மருந்து ஏற்றக் கையில் குத்தி வைத்த வென்ஃப்ளான் ஊசிக்குழாயைப் பிடுங்கவிடாமல் தடுப்பது, ஒரே குரலில் மெதுவாகப் பேசுவது. அந்த ஊசி பிடுங்கப்பட்டால் மறுபடி குத்த வேண்டிவரும். வீட்டுத் துண்டோ பழைய பொம்மையோ கையில் கொடுக்கலாம்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்தால், கால் அசையவில்லை என்றே பிள்ளை மிரளும். சில மணி நேரத்தில் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் நிமிர்த்த வேண்டாம், வாந்தி வந்தால் மூச்சுக்குள் போகும். தண்ணீர் எப்போது, எவ்வளவு என்பதை அவர்கள் சொல்லட்டும்.

டான்சில் எடுத்த பிள்ளை தூக்கத்திலும் அடிக்கடி எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே ரத்தம் கசியலாம், உடனே கூப்பிடுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலும் மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குழிந்தாலும் அப்படித்தான்.

வார்டுக்கு மாற்றும்போது, பாராசிட்டமால் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல இடங்களில் தியேட்டரிலேயே ஆசனவாய் மாத்திரையாக வைத்திருப்பார்கள். தெரியாமல் அடுத்த வேளையைச் சீக்கிரமே கொடுத்துவிடுவது எளிதில் நடக்கும் தவறு.